திரும்பி வந்த தாம்பூலம்

எங்கள் தெருவுக்கும் கரமனை ஆற்றுக்கும் நடுவில் ஒரு சுவர் வரப் போகிறது என்பதைப் பால்காரர்தான் முதலில் சொன்னார். நான் நம்பவில்லை. உள்ளே வந்து பாலை அடுப்பில் வைத்தேன். அது பொங்குவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வந்துவிட்டாள். சமூக மடத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம், ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் இங்கிலீஷ்.

சுவரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் தெருக்கோடி வரைக்கும் வரும். சில வருஷம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட, நாங்கள் அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டுக் கட்டிலின் மேல் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொன்னதும் உண்டு. ஆனால் தெருக்கோடியில் ஆற்றுக்கு இறங்கும் படித்துறை இருக்கிறது. படியில் பாதி இறங்கினால் அரசமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். சுவர் படிக்கு மேலே, தெருவை ஒட்டி வரும் என்று நோட்டீஸில் கோடு போட்டிருந்தார்கள். அப்படியானால் நாங்கள் இந்தப் பக்கம், பிள்ளையார் அந்தப் பக்கம்.

அந்தப் பிள்ளையாரிடம் எனக்கு ஒரு வாக்கு இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனபோது, ஒரு குழந்தையைக் கொடு, எனக்கு நடக்கத் தெம்பு இருக்கும் வரைக்கும் சாயங்காலம் உனக்கு விளக்கேற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்தார். அந்தப் பெண் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நடக்கத் தெம்பு இருக்கிறது. சுவர் வந்தால் நான் என்ன செய்வேன்? தெம்பு இருந்தும் வாக்குத் தப்பினவள் ஆவேன். வேறு எந்த விஷயமும் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். அவர் சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைவீதியில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார்.

"ஏன்னா, யார் கட்டறா இந்தச் சுவரை? கவர்மெண்டா?"

"கட்டறது கவர்மெண்ட். பணம் அவாளோடது இல்லை. நிறைய தேசம் ஒண்ணு சேர்ந்து ஒரு அமைப்பு வச்சிருக்கா. அது குடுக்கறதாக்கும்."

"எந்த தேசம்?"

"எல்லாந்தான். நம்ம தேசமும் அதுல உண்டு."

"அப்போ நம்ம பணத்தை நமக்கே குடுக்கறாளா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நம்ம கிராம சமூகம் மாதிரின்னு வச்சுக்கோயேன். ஒவ்வொரு வீடும் வரி குடுக்கறது. சேர்த்து கோவில் காரியம் பாக்கறோம். அது வீட்டுக்கு வீடு, இது தேசத்துக்கு தேசம்."

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. எங்கள் தெருச் சமூகத்தில் உற்சவத்துக்குப் பாயசம் சர்க்கரையிலா வெல்லத்திலா என்று முடிவு செய்வதற்குள் உற்சவமே முடிந்துவிடும். இத்தனை தேசமும் கூடி உட்கார்ந்து என் பிள்ளையார் விஷயத்தை எப்போது பேசி, எப்போது முடிப்பார்கள்?

"அவாளே வரப் போறா. ஜனங்களோட அபிப்பிராயம் கேக்கறதுக்கு. நீயும் வந்து சொல்லு" என்றார்.

"நானா? பத்தாம் கிளாஸோட நின்னவ போய் எல்லா தேசத்துக்கும் அபிப்பிராயம் சொல்றதா?"

"கேக்கறதே அதுக்குத்தானே" என்றார். அவர் சொன்னது சரியா, கேலியா என்று தெரியவில்லை.

கூட்டம் சமூக மடத்துக் கூடத்தில் நடந்தது. கல்யாணத்துக்கு இலை போடுகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வெளிதேசத்து அம்மாள் ஒருத்தி வந்திருந்தாள். நல்ல உயரம், நரைத்த தலை, கைத்தறிக் குர்த்தா. எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினாள். அவளுடன் திட்ட ஆபீஸ் பெண் ஒருத்தி. நெய்யாற்றின்கரைப் பக்கம், தமிழும் கொஞ்சம் தெரியும். அந்த அம்மாள் இங்கிலீஷில் பேச, இவள் மலையாளத்தில் சொல்ல வேண்டும். எங்களில் யாராவது தமிழில் கேட்டால் இவள் இங்கிலீஷில் போட வேண்டும்.

கூடத்துச் சுவரில் படம் காட்டினார்கள். ஆறு, சுவர், சுவர்மேல் பூச்செடி, அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நடக்கிற மனுஷர்கள். அந்த மனுஷர்களில் ஒருவரும் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள் இல்லை. வேஷ்டி கட்டினவரே இல்லை.

"எங்கேடி புள்ளையார்?" என்று மாமி என் காதில் கேட்டாள்.

"படத்துல இல்லை மாமி."

"படத்துல இல்லேன்னா கட்டறச்சேயும் இருக்க மாட்டார். எழுந்து சொல்லு."

"நீங்க சொல்லுங்கோளேன்."

"நான் சொன்னா சண்டைன்னு எழுதிக்குவா. நீ அழற மாதிரி பேசுவே, அதாக்கும் நல்லது."

எழுந்தேன். படியைப் பற்றிச் சொன்னேன், அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அங்கேதான் இறங்குவார்கள் என்று சொன்னேன், பிள்ளையாரைச் சொன்னேன். என் வாக்கைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சபையில் சொல்லக்கூடிய விஷயமா என்று பிறகு வெட்கமாக இருந்தது. வெகுநேரம் பேசியிருப்பேன். அந்தப் பெண் அதை ஒரே வரியில் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். வெளிதேசத்து அம்மாள் என்னைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, வெகுநேரம் பதில் சொன்னாள். அதுவும் எனக்கு ஒரே வரியாக வந்தது.

"உங்க விஷயம் குறிச்சு வச்சிட்டுண்டு, மாமி."

"செய்வாளா, மாட்டாளா?"

"குறிச்சு வச்சிட்டுண்டு" என்றாள் மறுபடியும்.

இத்தனை சொல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிற்றே, நடுவில் எங்கே உதிர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. நல்ல மனசு உள்ளவள் என்று மட்டும் முகத்தில் தெரிந்தது.

கூட்டம் முடிந்து படித்துறையைப் பார்க்க வேண்டும் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பிள்ளையாரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும் வழியில் எங்கள் வீடு. வாசல் வரை வந்தவளைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? காப்பி கொடுத்தேன். சூடு தாங்காமல் டம்ளரைப் புடவைத் தலைப்பில் பிடிப்பது மாதிரி தன் துப்பட்டாவில் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்த பெண்மணியை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வைத்தேன். மாமி சமையலறையில் என் கையைப் பிடித்தாள்.

"அவ சுமங்கலியான்னு எப்படிடி தெரியும்?"

"வெள்ளிக்கிழமை ஆத்துக்கு வந்தவா எல்லாரும் அம்பாள்தான் மாமி. விடுங்கோ."

குங்குமம் கொடுத்தேன், இட்டுக்கொண்டாள். தாம்பூலத்தைக் கொடுக்கும்போது என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "படியை மட்டும் அடைச்சுடாதேங்கோ." அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையை நன்றாக ஆட்டி, யெஸ் யெஸ், தேங்க்யூ என்றாள். அந்தப் பெண் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை யாரும் இங்கிலீஷில் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் தாம்பூலம் சாதாரண விஷயம் இல்லை. கல்யாணப் பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் தாம்பூலம் மாற்றிவிட்டால் முடிந்தது. சமையல்காரருக்குக் கொடுத்தால் அந்தத் தேதி நம்முடையது. அதற்கப்புறம் அமைச்சர் வீட்டுக் கல்யாணமே வந்தாலும் அவர் போகமாட்டார். ஒன்றைக் கேட்டுக்கொண்டு தாம்பூலம் கொடுத்து, மற்றவர் அதைக் கைநீட்டி வாங்கினால் அது வாக்கு.

கார் தெருவைத் தாண்டுவதற்குள் மாமி வாசலில் நின்று அறிவித்துவிட்டாள். "வாங்கிண்டுட்டா! ரெண்டு கையாலயும் வாங்கிண்டுட்டா! படிக்கு ஒரு குறைச்சலும் வராது!"

தெருவே அதை நம்பியது. சமூகத்துச் செக்ரட்டரி வந்து என்னிடம் விசாரித்துவிட்டு, "அப்போ நாம வேற மனு கொடுக்க வேண்டாம் இல்லியா" என்றார். ஆமாம், வேண்டாம் என்றேன். அவர் எழுதி வைத்திருந்த மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கம்போளத்தில் என் வீட்டுக்காரர் கடைமுதலாளியிடமே சொன்னாராம், எங்காத்துக்காரி எல்லா தேசத்தோடயும் தாம்பூலம் மாத்திண்டுட்டான்னு.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, அந்த ஆபீஸ் பெண் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதன் மேல் ஒரு கவர். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மாமி, தப்பா ஒண்ணும் நினைக்கண்டா. இது எங்க ஆபீஸ் ரூலாணு."

பெட்டியைத் திறந்தாள். நான் கொடுத்த தேங்காய். மஞ்சள். மடிப்புக் கலையாத ரவிக்கைத் துணி. பாக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில். வெற்றிலை இல்லை, வாடியிருக்கும்.

தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புவதா? நிச்சயம் முறிந்தால்தான் அப்படிச் செய்வார்கள். அதையும் யாரும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரமாட்டார்கள்.

"என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டேன்.

"ஒரு தப்பும் இல்ல மாமி. மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம். பட்சே திட்டம் நடக்கிற ஸ்தலத்துல உள்ளவங்ககிட்ட இருந்து அவங்க ஒண்ணும் வாங்கக்கூடாது. வாங்கினா ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டாங்கன்னு ஆயிடும். அதான் எல்லாத்தையும் அப்படியே திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க."

"சாயணும்னுதானேம்மா குடுத்தேன்!"

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "அப்படி வெளியில சொல்லாதீங்க மாமி" என்றாள் மெதுவாக.

இதற்குள் மாமி வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். "உள்ளே வாங்காதே! வாங்கினா போச்சு, படி போச்சு. டீ பொண்ணே, எடுத்துண்டு போ!"

"எடுத்துட்டுப் போக ஒக்காது மாமி, முடியாது. கிட்டியதாயிட்டு இந்தப் பேப்பர்ல ஒப்பு, கையெழுத்து, போட்டுத் தரணும்."

"அவ வாங்கலை, பின்ன எதுக்கு ஒப்பிடணும்?"

"ஒப்பிடாம போனா ஆபீஸ்ல எனக்குத் திட்டு விழும்."

கவரைப் பிரித்தேன். கடிதம் மூன்று பாஷையில் இருந்தது. எங்களுக்காகத் தமிழிலும் போட்டிருந்தார்கள். அதுவரை எங்கள் தெருவுக்கு ஒரு ஆபீஸும் தமிழில் எழுதினதில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எழுத்து தமிழாக இருந்ததே தவிர எனக்கு ஒன்றும் ஏறவில்லை. 'மதிப்பிற்குரிய பங்குதாரரே' என்று ஆரம்பித்தது. தங்களின் நல்லெண்ணச் செய்கை உரிய முறையில் அங்கீகரிக்கப்பட்டு, நெறிமுறைக் கட்டமைப்பின் கீழ் மீளளிக்கப்படுகிறது என்றது. மூன்று தடவை படித்தேன். அங்கீகரித்தார்களா, மீள அளித்தார்களா? இரண்டையும் எப்படி ஒரே மூச்சில் செய்வது?

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். அவருக்குப் பங்குதாரர் என்ற சொல் பிடிக்கவில்லை. "பங்குதாரரா? நாம எப்போ பங்கு போட்டோம்? நாளைக்கு நஷ்டம்னா நம்ம தலையிலும் விழுமோ?" என்று அந்தப் பெண்ணையே கேட்டார். அவள் பாவம், "இல்ல சார், அது வெறும் மரியாதைக்கு" என்றாள்.

வாசலில் பெட்டி, அதன் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். அவளால் எடுத்துப் போக முடியாது. என்னால் தொட முடியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று தோன்றியதும் எனக்குக் கோபம் இறங்கியது. இந்தப் பெண் என்ன செய்வாள்? எங்கேயோ எத்தனையோ தேசங்கள் கூடி ஒரு சட்டம் போட்டுவிட்டு, அதை என் வாசலுக்குக் கொண்டுவர இவளைத்தான் அனுப்பியிருக்கின்றன.

"பெட்டியை எடு. என்னோட வா" என்றேன்.

"எங்கே?"

"புள்ளையார்கிட்ட. நான் வாங்கலை, நீயும் கொண்டுபோகலை. அவர் வாங்கிக்கட்டும்."

"ஷரி, அதுல தோஷமில்லை" என்றாள் மாமி.

படியிறங்கினோம். அவளே பெட்டியைப் பிள்ளையார் முன் வைத்தாள். துணியை அவருக்குச் சாத்தினேன். தேங்காயை உடைத்தேன். நல்ல முற்றல், கோணாமல் இரண்டாக விழுந்தது. படிக்கு ஆபத்து வரக்கூடாது, இந்தப் பெண்ணுக்கும் ஏச்சு விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"மாமி, கிட்டிய ஆள் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யார் பேரை எழுத?" என்றாள் அவள்.

"புள்ளையார்னு எழுது" என்றாள் மாமி.

"அது ஒக்காது."

"ஏன், உங்க தேசங்கள்ல எதுலயும் அவர் மெம்பர் இல்லியா?"

கடைசியில் செக்ரட்டரியைக் கூப்பிட்டுச் சமூகத்தின் பேரில் ஒப்பிட வைத்தோம். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மடித்துவைத்த மனுவும் இருந்தது. அவளுக்கு ஒரு மூடித் தேங்காயும் வெல்லமும் கொடுத்தேன். கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"இது வாங்கலாமா?"

"இது நான் குடுக்கறதில்லைடிம்மா. பிரசாதம்."

வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு மனு கொடுத்தோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள், ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு சேதியும் இல்லை. தினமும் விளக்கேற்றும்போது, நாளைக்கும் இங்கே இறங்குவேனா என்று நினைத்துக்கொண்டே திரியைத் தூண்டுவேன். அப்படி ஏற்றுவது பக்தியா பயமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகு திடீரென்று வேலை ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சுவர் ஆற்றோரமாக வளர்ந்து எங்கள் தெருக்கோடியை நெருங்கியது. நான் வேலை நடக்கும் பக்கம் பார்க்காமல் விளக்கேற்றிவிட்டு வருவேன். ஒரு நாள் பார்த்தால் சுவர் படித்துறையின் ஒரு ஓரத்தோடு நின்றிருந்தது. அப்புறம் மறு ஓரத்திலிருந்து தொடங்கியது. நடுவில் படி அகலத்துக்கு வழி. இரண்டு பக்கமும் காடி வெட்டியிருந்தது; வெள்ளம் வந்தால் பலகை இறக்கி மூடுவார்களாம், வடிந்ததும் எடுப்பார்களாம்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மேஸ்திரியிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"இந்த வழி முதல்லேயே உண்டா, இல்லே நாங்க கேட்டதுக்கு அப்புறம் விட்டாளா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? மேல இருந்து படம் வருது, அதுப்படி கட்டுதோம்."

"யார் போட்ட படம்?"

"அதான் சொல்லுதேனே, மேல."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அங்கே ஆகாயந்தான் இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒருவேளை அந்த நரைத்த தலை அம்மாள், தாம்பூலத்தைச் சட்டத்துக்காகத் திருப்பிவிட்டு, வாக்கை மட்டும் காப்பாற்றினாளோ? மனுவைப் படித்து யாராவது இரங்கினார்களோ? இல்லை, நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே இப்படித்தான் இருந்து, நாங்கள்தான் கோட்டைத் தப்பாகப் பார்த்தோமோ? ஆபீஸ் பெண்ணைக் கேட்கலாம் என்றால் அவள் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாளாம். பிள்ளையாருக்கு நான் கொழுக்கட்டை பண்ணிவிட்டேன். மனுஷருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? யாருக்குச் சொல்வது?

சுவர் ஓரமாக ஒரு பெரிய போர்டு வைத்திருந்தார்கள். பொதுஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதலாம் என்று ஒரு ஈமெயில் அதில் இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் பெண்ணுக்கு போன் பண்ணி, நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அனுப்பச் சொன்னேன். படித்துறையை விட்டதற்கு நமஸ்காரம், அந்த அம்மாளும் அவள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் அனுப்பி முடித்த உடனேயே பதில் வந்துவிட்டது. உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, பரிசீலித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று. கீழே ஒரு நம்பர்.

"அம்மா, அது மெஷின் தானா அனுப்பறது. விட்டுடு" என்றாள் பெண்.

எப்படி விடுவது? வழி விட்டதைப் பற்றி ஒரு புகார் என்று அது யாரோ ஒருவர் மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டு, அவரும் நல்ல மனசு உள்ளவராக இருந்து, இந்த அம்மாளின் குறையைத் தீர்ப்போம் என்று பலகையை நிரந்தரமாக இறக்கிவிட்டால்? "புகார் இல்லைன்னு எழுதுடி. சந்தோஷம்னு தெளிவா எழுது" என்றேன். அலுத்துக்கொண்டே எழுதினாள்.

அதற்கும் பதில் வந்தது. வேறு நம்பர்.

என் வீட்டுக்காரர் இரண்டு நம்பரையும் காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்தார். "இப்போ நம்ம பேர்ல ரெண்டு புகார் இருக்கு. மூணாவது எழுத வேண்டாம், பேசாம இரு" என்றார். இருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடிவதில்லை. காலையில் கோலம் போட்டதும் ஈரக் கையோடு தெருக்கோடி வரை நடந்து, வழி திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.